'அது' கேட்டு வாங்கின குக்கர்

நேத்து வேலை ஒண்ணே ஒண்ணுதான். இங்க பர்மாவுல லத்தா மார்க்கெட்டுக்குப் போய் தர முத்திரை போட்ட குக்கர் வாங்கணும்.

பழைய குக்கர் போன வாரம் வெடிச்சு, பருப்பு இன்னும் சீலிங்ல இருக்கு. "நல்ல ஒரிஜினல் வர்ற வரைக்கும் அடுப்படியில கால் வைக்க மாட்டேன்"னு என் சம்சாரம் வள்ளி சொல்லிட்டா. அன்னையிலருந்து சமையல் என் தலையில. சாப்பாடு ரெண்டு பேருக்கும் தண்டனை.

கடை அலமாரி நிறைய குக்கர். எல்லாத்துலயும் முத்திரை. வள்ளிக்கு வீடியோ கால் போட்டேன்.

"எதுங்க?"ன்னா.

"அதும்மா."

"எது?"

"அது, அது. மேல இருக்கே, அது."

கடைக்காரர் கோ வின் பர்மாக்காரர். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்துட்டு, உள்ள போய் ஒரு பெட்டியைக் கொண்டாந்து கட்டிக் குடுத்தார். பிரிக்காத புதுப் பெட்டின்னு எனக்குப் பெருமை வேற.

வீட்ல வள்ளி ஈரத்துணியால துடைச்சா. முத்திரை துணியோட வந்துடுச்சு. அவ வாசலைக் காட்டினா.

திரும்ப ஓடினேன். "என்ன கோ வின், போலியைக் குடுத்துட்டீங்க?"ன்னு பர்மியத்துல கேட்டேன்.

அவருக்குத்தான் வருத்தம். "நீங்கதானே அக்கோ, 'அத்து, அத்து'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

பர்மியத்துல 'அக்கோ'ன்னா அண்ணன், 'அத்து'ன்னா போலி. பொறந்ததுலருந்து ரெண்டு மொழியும் பேசறேன். நம்ம 'அது' அவங்க காதுல அப்படித்தான் விழும்னு நேத்துதான் மண்டையில ஏறுச்சு.

"சரி, அலமாரியில இருக்கற ஒரிஜினலைக் குடுங்க."

கோ வின் குரலைத் தாழ்த்தினார். "அது ரெண்டாம் தரப் போலி அக்கோ. ஒரிஜினல் கேக்கறவங்களுக்குக் குடுக்கறது. நீங்க வாயைத் திறந்து போலியே கேட்டீங்க. உங்களை ஏமாத்த மனசு வரல, முதல் தரம் குடுத்தேன். நானே தண்ணி ஊத்தி விசில் விட்டுப் பார்த்தது."

இவ்வளவு நேர்மையான ஆளை நான் பார்த்ததில்ல. அதே குக்கரைத் தூக்கிக்கிட்டேன். புது முத்திரை ஒண்ணு எடுத்து, இந்தத் தடவை நல்ல பசை போட்டு ஒட்டிக் குடுத்தார்.

"மாத்திட்டீங்களா?"ன்னா வள்ளி.

"முதல் தரம்"னேன். பொய் இல்லையே.

பருப்பை வெச்சுட்டு ரெண்டு பேரும் பால்கனியில போய் நின்னுக்கிட்டோம். மூணு விசில் ஒழுங்கா வந்துச்சு. சீலிங் பத்திரம். வள்ளி அடுப்படிக்குள்ள போயிட்டா, எனக்கு உயிர் வந்துச்சு.

உள்ளேருந்து குரல் குடுத்தா. "எங்க அக்காவுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். கடையில தெளிவா கேட்டு வாங்குங்க."

தெளிவா கேக்கறேன். "அது"ன்னு.