லேப்டாப் மூச்சு விடுகிற இடம்

செந்துறை,
ஞாயிறு, காலை 10.20

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சுதர்சனுக்கு, மாமா வேணுகோபால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா சுந்தராம்பாளும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சி கீதாஞ்சலியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லேப்டாப்பின் சௌக்கியத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கையால் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்பைத் தொட எனக்கு வீட்டில் அனுமதி இல்லை. ஏன் இல்லை என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் நிருபராக இருந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அக்கா தன் ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்தொரு வயதில், அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்து ஏரி மதகுகளைப் பற்றி ஏழு மாதம் அலைந்து எழுதியது, அறுபத்தெட்டு பக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம். அந்த நேரம் பார்த்து லேப்டாப் கொதித்தது, உறுமியது, அணைந்தது. மறுபடி போட்டால் திரை நாலு நிமிடம் எரிந்து அணைந்தது. அக்கா பதறவில்லை. "பெரம்பலூர்ல சுதர்சன் ஒரு கடை சொன்னானே, கொண்டுபோய்க் குடுங்க" என்றார். "கடைக்காரன் தொறந்ததுமே மதர்போர்டு போச்சும்பான். நாமளே பாத்துக்கலாம்" என்றேன். பதினொரு நிமிட வீடியோ ஒன்று பார்த்திருந்தேன், அதில் ஒருவர் ஒரு கையில் டீ கிளாஸோடு மறு கையாலேயே பிரித்து மாட்டினார். "உங்களுக்கு மிக்ஸி மூடியே சரியா மூடத் தெரியாது" என்றார் அக்கா. "அது வேற, இது வேற" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திரும்பப் பெற விரும்புகிறேன்.

கீழ்ப்பக்கம் பதினோரு ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே என்று பழைய செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தை விரித்து, அதில் லேப்டாப்பை வரைந்து, எண் போட்டு, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் வைத்தேன். மூடியைத் தூக்கினேன். மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை, எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதன்முதலாக விமானத்தை அண்ணாந்து பார்த்தபோது ஒருமுறை பேச்சு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு குனிந்து பார்த்து நின்றது இப்போதுதான். பச்சைப் பலகையில் தெருத்தெருவாகக் கோடுகள், அரிசிக் குருணையிலும் சிறிய பெட்டிகள், குறுக்கே ஒரு செம்புக் குழாய், ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றாடி. இத்தனையும் எட்டு வருடமாக என் மடியில் இருந்திருக்கிறது. நானோ அதன்மேல் டீ டம்ளரை வைத்திருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் வாயால் ஊதினேன். பட்டையாக ஒரு ஒயர் இருந்தது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதை இழுத்தேன். அடியில் ஒன்றும் இல்லை. அது தன் இடத்துக்குத் திரும்பவும் இல்லை.

அந்தச் சமயம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் வந்து, "முறுக்கு மடிக்க ஒரு பேப்பர் குடுங்கண்ணே" என்று கேட்டு, நான் நிமிர்வதற்குள், "இது பழசுதானே" என்று மாவட்டப் பக்கத்தை உருவிக்கொண்டார். என் முப்பத்தாறு வருட சேவையில் மாவட்டப் பக்கத்தை யாரும் அவ்வளவு ஆசையாக எடுத்து நான் பார்த்ததில்லை. பதினோரு ஸ்க்ரூவும் தரையில் உருண்டன. பத்து கிடைத்தன. எது எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல், எது எதில் ஏறியதோ அதில் ஏற்றினேன். பொத்தானை அழுத்தினேன். முன்பாவது நாலு நிமிடம் எரிந்தது, இப்போது விளக்குகூட வரவில்லை.

புதனும் வியாழனும் மறுபடி மறுபடி திறந்து மூடினேன். செவ்வாயோடு சேர்த்து அந்த மூன்று நாளும் தோசை வந்தது, சட்னி வந்தது, பேச்சு வரவில்லை. சாதிச் சண்டை, சாலை மறியல், சுரங்க வெடி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். உங்கள் அக்கா பேசாமல் துணி மடித்ததைப் போல எதுவும் என்னை நடுங்க வைத்ததில்லை. வியாழன் மதியம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "முப்பத்தாறு வருஷமா அடுத்தவங்க வூட்டு விஷயத்தை எழுதுனீங்க. நான் ஒரு அறுபத்தெட்டு பக்கம் எழுதுனது பொறுக்கலையா?" நான் குனிந்து பதினோராவது ஸ்க்ரூவைத் தேடினேன்.

வெள்ளி காலை எட்டேகால் பஸ்ஸில் இருவரும் அரியலூர் போனோம். பெரம்பலூர் வரை போக நேரமில்லை. துண்டில் சுற்றிய லேப்டாப்பை அக்கா மடியிலேயே வைத்திருந்தார், என் கையில் தரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு கடை. பூவிழி என்கிற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், தனியாக நடத்துகிறார். லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தவுடன், "யார் தொறந்தது?" என்றார். "திறக்கப்பட்டுள்ளது" என்றேன். "அதான் தெரியுதே, யாரால சார்?" அக்கா என்னைப் பார்த்தார். பூவிழியும் என்னைப் பார்த்தார். விசாரணை முடிந்தது.

மூடியைக் கழற்றிய பூவிழி முதலில் முகர்ந்தார். "சார், சந்தன வாசனை வருதே." அக்காதான் பதில் சொன்னார்: "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பேம்மா. பின்னாடி சூடா காத்து வருதுல்ல, அதுதான் அது மூச்சு விடற எடம். உசுரு அங்கதானே இருக்கும்னு அங்கயே வைப்பேன்." பூவிழி விளக்கைத் தாழ்த்தி, ஒரு லென்ஸை என்னிடம் நீட்டினார். காற்று வெளியேறும் சந்தில் சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம் என்று அடுக்கடுக்காக இறுகியிருந்தது. சுண்ணாம்புச் சுரங்கத்தின் சுவரைப் பார்ப்பது போலவே இருந்தது. ஊசியால் ஒவ்வொரு அடுக்காக எண்ணி, "எட்டு பூஜை. நாலாவது வருஷம் குங்குமம் வேற கடையில வாங்கியிருக்கீங்க" என்றார். அக்கா வாயில் கை வைத்தார். உண்மைதான், அந்த வருடம் கோயில் குங்குமம். பிறகு காற்றாடியைக் கழற்றிக் கவிழ்த்தார். பூஜைப் பொரி ஏழு, பொட்டுக்கடலை ஒன்று. "காத்தாடிய நிறுத்துனது இதுதான். அதான் கொதிச்சிருக்கு" என்றார்.

"அப்ப நான் திறந்ததால கெடலையே?" என்று கேட்டேன். அவர் ஒரு ஸ்க்ரூவை இடுக்கியில் தூக்கிக் காட்டினார். "குட்டை ஓட்டையில நெட்டை ஸ்க்ரூ. இன்னும் அரைச் சுத்து சுத்தியிருந்தா போர்டு செத்துருக்கும். ஏன் சார் நிறுத்துனீங்க?" "கை வலிச்சுது." "உங்க கைக்கு ஒரு பொட்டு வைங்க" என்றார்.

பிறகு அவர் வேலையில் இறங்கினார். காலை பத்தே முக்காலிலிருந்து அவர் விரல்களைப் பார்த்தபடி இருந்தேன். நான் மூன்று நாள் திணறிய பட்டை ஒயரை ஒரு தாழ்ப்பாளை நிமிர்த்தி, நகத்தால் தள்ளி, பூத்தொடுக்கிற மாதிரி மாட்டினார். பிரஷ், ஊதுகுழல், மெல்லிய துணி, மறுபடி பிரஷ். என் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவர் பார்த்து, அதைச் சரிசெய்து, அடுத்ததற்குப் போய்விடுகிறார். அமைச்சர்களின் முன்னால்கூட உட்கார்ந்துதான் குறிப்பெடுத்திருக்கிறேன். அவர் எதிரில் என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். நாலு இருபதுக்குத் திரை ஒளிர்ந்தது. மதகுகள் அப்படியே இருந்தன. அக்கா உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை முடித்து, நாலு நாற்பத்தொன்றுக்கு ஏற்றினார். "என்னங்க, காலையிலேருந்து தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை.

ரசீதில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி, லேப்டாப் சுத்தம் செய்தது. இரண்டாம் வரி, சார் ரிப்பேர் செய்ததைச் சரிசெய்தது. முதல் வரியைவிட இரண்டாம் வரி பெரிது. பேரம் பேசாமல் கொடுத்தேன். கிளம்பும்போது பார்த்தால் அவருடைய ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, ஈயம் பற்றவைக்கும் கம்பி எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. நான் பார்ப்பதைப் பார்த்து, "இதுங்க மூச்சு விடறதில்ல சார்" என்றார்.

ஆக, வீட்டில் திறந்தால் வியக்கலாம், கடையில் கொடுத்தால் ஓடும் என்பது என் முடிவு. பொட்டும் பொரியும் யாருடைய பக்தியால் உள்ளே போயின என்பதைப் பற்றி நான் இதுவரை வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. என் பெருந்தன்மையை நீங்களாவது அறிந்திருக்க வேண்டும் என்றே எழுதினேன்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள், தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் ஓடுகிற பொருளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள மாமா,
வேணுகோபால்

பி.கு.: தம்பி சுதர்சா, அக்கா எழுதுறேன். ஸ்டாம்ப் ஒட்டக் குடுத்தார், படிச்சுட்டேன். அறிக்கை போயிடும்னு நீ பயந்திருக்க வேண்டாம். அறுபத்தேழு பக்கத்தையும் போன ஞாயித்துக்கிழமையே உன் மெயிலுக்கு அனுப்பிட்டேன். நீ இன்னும் தொறந்துகூடப் பாத்திருக்க மாட்டே. கடைசிப் பக்கம் நோட்டுல எழுதியே இருந்துது. நாலரை ஆயிட்டா கடை கம்ப்யூட்டர்லயே ஏத்திடலாம்னு காலையிலேயே பூவிழி காதுல சொல்லி வச்சுட்டேன். அப்புறம் ஏன் பேசாம இருந்தேன்னு கேப்பே. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் வேலை ஒண்ணுக்காக இந்த மனுஷன் மூணு நாள் கவலைப்பட்டு நான் பாத்ததில்லை. கொஞ்சம் பாக்கலாம்னு இருந்துது. பொட்டு நான் வச்சதுதான், ஒத்துக்கறேன். ஆனா லேப்டாப்புக்கு யார்றா பொரி போட்டுப் பூஜை பண்ணுவாங்க? அது அவர் தினம் சாயங்காலம் மடியில வச்சு நியூஸ் பாத்துக்கிட்டே தின்னது. ரெண்டு தரப்பையும் கேட்டுத்தான் எழுதணும்னு ஊருக்கெல்லாம் சொன்னவர், என்னை ஒரு வார்த்தை கேக்கலை பாரு.