பொட்டு வைத்த குரோனோகிராப்

"தெரியாது" என்ற சொல்லை என் இருபத்தாறாவது வயதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரியாதவற்றுக்கெல்லாம் என்னிடம் ஒரே மறுமொழிதான் இருந்தது: "ஓம்." தட்டச்சுப் பொறி திருத்தத் தெரியுமா? ஓம். சிங்களத்தில் கடிதம் எழுத ஏலுமா? ஓம். அந்த ஓம்களில் பெரும்பாலானவற்றை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் துப்பாக்கியால் சோதித்தார்கள்.

அது எழுபதுகளின் கடைசி. திருகோணமலைத் துறைமுகக் கரையில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் நான் தற்காலிக உதவியாளன். மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, நிறுத்து, ஈரம் பார்த்து, கொப்பியில் எழுதுவது என் வேலை. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நடப்பதால் வாசல் காவலாளி தொடக்கம் எல்லாரும் என்னை விஞ்ஞானி என்று நம்பியிருந்தார்கள். (நானுந்தான்.) இரண்டு வருடமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம். நான் கட்டவிருந்த பவானியின் அப்பா சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் இரண்டு வள்ளம் வைத்திருந்தவர். அவர் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"தம்பி, உங்களில எனக்கு ஒரு குறையுமில்லை. நிரந்தரக் கடிதத்தைக் கொண்டு வாங்கோ. அடுத்த நாளே நாள் பாப்பம்."

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் மனேச்சர் செல்வநாதன். ஊரில் இருந்த துப்பாக்கி சுடும் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். ஆண்டுதோறும் கழகம் கொழும்புக்குப் போட்டிக்குப் போகும், கடைசி இடத்தோடு திரும்பி வரும். மூன்று வருடம் இதே கதை. மனேச்சரின் குண்டுகள் இலக்கைத் தவிர மற்ற எல்லாத் திசைகளையும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. அவரோ ஒரே காரணத்தைத்தான் சொன்னார். "கையில பிழையில்லை, கண்ணில பிழையில்லை. தோட்டாவிலதான் பிழை. கடற்காத்துப் பட்டு மருந்து செத்துப்போச்சு." மருந்து செத்தால் குண்டின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குறி தவறும். இதை நிரூபிப்பதற்காகக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று வாங்குவதென்று கழகம் தீர்மானித்தது. குரோனோகிராப் என்று அதற்குப் பெயர். வெளிநாட்டுச் சாமான்களுக்கு அப்போதுதான் கதவு திறந்திருந்தது.

ஒருநாள் மனேச்சர் என்னைக் கூப்பிட்டார். தனக்குக் கீழே வேலை செய்கிற எல்லாரும் அவருக்கு 'ஐசே'தான். மேசையில் இரண்டு கம்பனிகளின் விளம்பரப் புத்தகங்கள் கிடந்தன.

"ஐசே, உமக்குக் குரோனோகிராப்பைப் பற்றித் தெரியுமோ?"

அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த நிமிடத்தில்தான்.

"ஓம் சேர்," என்றேன்.

"பௌதிகம் படிச்ச ஆளெல்லோ. ரெண்டில எது நல்லதெண்டு பாத்துச் சொல்லும். ஒண்டுதான் வாங்கலாம். பிழைச்சா திருப்பி அனுப்ப ஏலாது." கொஞ்சம் நிறுத்தி, "உம்முடைய பைலும் வருசக் கடைசியில என்ர மேசைக்குத்தான் வருது," என்றார்.

இரண்டு நாள் அந்தப் புத்தகங்களோடு குடும்பம் நடத்தினேன். முதலாவது கருவிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கடதாசித் திரைகள். குண்டு முதல் திரையைக் கிழிக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதைக் கிழிக்கும்போது நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் புதுக் கடதாசி வேண்டும். இரண்டாவது கருவிக்குக் கடதாசி தேவையில்லை. அதற்கு இரண்டு வெளிச்சக் கண்கள். மேலே பறக்கும் குண்டின் நிழல் முதல் கண்ணில் பட்டால் தொடக்கம், அடுத்த கண்ணில் பட்டால் முடிவு. வெயில் மட்டும் போதும். நான் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன். காரணம், முதலாவதின் படம் கறுப்பு வெள்ளை, இரண்டாவதின் படம் வர்ணம். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

ஆனால் கழகக் கூட்டத்தில் அப்படியா சொல்வேன்? "கடதாசி முடிஞ்சா ஒவ்வொரு தரமும் கப்பலுக்குக் காத்திருக்கோணும். வெயிலுக்கு எங்கட ஊரில எப்ப பஞ்சம் வந்தது?" என்று முழங்கினேன். கை தட்டினார்கள். கிண்ணியாவில் வயல் செய்யும் ஹனீபா நானா மட்டும் கை தட்டவில்லை. வயலுக்கு வரும் காட்டுப்பன்றிகளைச் சுட்டுச் சுட்டே குறி பழகிய மனிதர் அவர்.

"தம்பி, கண் கண் எண்டு சொல்றீங்களே, அது பொட்டியில எந்தப் பக்கம் இரிக்கு?"

"உள்ளுக்கை, நானா," என்று கையைப் பொதுவாக ஒரு சுழற்றுச் சுழற்றினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

சில மாதங்களின் பின் கருவி வந்து இறங்கியது. ஒரு முழ நீளத்தில் ஒரு பெட்டி, அதற்கு மேலே பொருத்த ஒரு வெள்ளைக் கூரை, வயரின் மறுமுனையில் எண் காட்டும் சின்னப் பெட்டி. கூடவே தடித்த ஒரு விளக்கப் புத்தகம். அதன் முதல் பக்கம், நல்ல கருவியைத் தெரிந்தெடுத்தமைக்காகப் பாராட்டியது. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறதென்று மூடி வைத்தேன்.

அடுத்த நாள் தொழிற்சாலையில் ஆயுத பூசை. தராசு, தட்டச்சுப் பொறி, சுத்தியல், குறடு எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தது. கழகத்தின் துப்பாக்கிகளுக்கு நடுவில் புதுக் கருவி மாப்பிள்ளைபோல் இருந்தது.

"ஐசே, நீர் தெரிஞ்செடுத்தது. நீரே பொட்டு வையும்," என்றார் மனேச்சர்.

நீளப் பெட்டியின் மேற்புறத்தில் பெருவிரல் அளவில் இரண்டு வட்டக் குழிகள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பியதுபோல் இருந்தது. வெள்ளைக்காரனுக்கும் எங்கள் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று மனம் குளிர்ந்துபோனேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து இரண்டு குழிகளையும் நிரப்பி, நடுவில் குங்குமம் வைத்து, விழாமல் இருக்கப் பெருவிரலால் நன்றாக அழுத்தியும் விட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல காரியம் தொடங்குவதற்கு அதைவிட நாள் உண்டா? நிலாவெளிக்குப் போகிற வழியில், கல்லுடைத்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளத்தில்தான் கழகம் சுடும். கருவியை மனேச்சருக்குச் சில அடி முன்னால் ஒரு மேசையில் வைத்தோம். எண் பெட்டி என் மடியில். மனேச்சர் குறி பார்த்துச் சுட்டார். தூரத்து மண்மேட்டில் புழுதி கிளம்பியது.

"எவ்வளவு?"

"பூச்சியம், சேர்."

இன்னொன்று சுட்டார். அதுவும் பூச்சியம். மனேச்சரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களே, வேகமே இல்லை. மூண்டு வருசமா நான் சொன்னனான், ஒருத்தரும் கேக்கேல்லை."

வேகமே இல்லாத குண்டு துவக்கின் குழல்வாயைத் தாண்டியிருக்காது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மனேச்சரிடம் அதை யார் சொல்வது? நானும் "ஓம் சேர்" என்று தலையாட்டினேன். மூன்றாவது வெடி கருவியின் வெள்ளைக் கூரையில் ஒரு மூலையைக் கொத்திக்கொண்டு போனது. "காத்து," என்றார். மரங்களில் ஓர் இலை அசையவில்லை. நான்காவதும் பூச்சியம் என்றதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஐசே, வேகம் இல்லாத குண்டு எப்பிடி அந்த மண்ணில போய் ஏறினது?"

என் பைலும் பவானியின் அப்பாவும் கண்முன்னே வந்து போனார்கள்.

"கருவி இன்னும் சூடாகேல்லை, சேர்," என்றேன். (பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா? அன்றைய வெயிலில் அந்த மேசையில் அப்பம் சுட்டிருக்கலாம்.)

ஹனீபா நானா துவக்குகளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுக் கருவியிடம் போனார். குனிந்து பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வாங்க. கண் உள்ளுக்க எண்டு சொன்னீங்க. இந்தா, மேலதான் இரிக்கு. ரெண்டு கண்ணிலயும் சந்தனத்த அப்பி வெச்சா அது எப்பிடிப் பாக்கும்?"

அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அப்போதும் அதைத் துடைக்க என் கை போகவில்லை. "இண்டைக்கு விஜயதசமி, நானா. வைச்ச பொட்டை அழிக்கிறதே?" என்று முனகினேன்.

அவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தன் கைக்குட்டையை நனைத்தார்.

"நீங்க அழிக்க வாணாம். நான் அழிக்கிறன். எனக்குக் குத்தமில்ல."

கண் திறந்த கருவி கணக்காக வேலை செய்தது. இரண்டாயிரத்து நானூறு அடிக்கு மேல், ஒரு செக்கனில். அடுத்ததும் அதேயளவு. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்கு வந்த நிம்மதி மூன்று வெடிக்குத்தான் நீடித்தது. தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருந்த வேகமும் அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. முதலில் கருவி பொய் சொல்லி என்னைக் கொன்றது, இப்போது உண்மை சொல்லிக் கொல்லத் தொடங்கியது.

மனேச்சர் மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப தோட்டாவில பிழையில்லையோ?"

ஓம் என்றால் மனேச்சரின் மானம் போய்விடும். இல்லை என்றால் கருவியின் மானம் போய்விடும். பிறந்து இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

"தெரியாது, சேர்."

ஹனீபா நானாதான் பணிவாகக் கேட்டார்.

"குறை நினைக்காதீங்க, சேர். அந்த மண்மேட்டுக்கு அங்கால, வலப்பக்கம் நிக்கிறது என்ன?"

மனேச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெட்டி விட்ட மரக்குத்தி."

மரக்குத்தி வாலை ஆட்டியது. பிறகு திரும்பி நின்று இலை தின்னத் தொடங்கியது. இவ்வளவு வெடிக்கும் அசையாத ஆடு அது. மனேச்சர் யாரோடும் கதைக்காமல் காரில் ஏறிப் போனார்.

அடுத்த பத்து நாளும் நான் வேலைக்குப் போனது, என் சாமான்களை ஒரு பையில் அடுக்கிக் கையோடு கொண்டுதான். சல்லிக் கோயிலடியில் பவானியிடம், "கலியாணம் கொஞ்சம் தள்ளிப்போகும்போல இருக்கு," என்றேன்.

"ஏன், என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மணலில் குந்திவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதற்காக. எனக்கு நல்ல கோபம். ஆனால் அன்றுதான் அந்தப் பத்து நாளில் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் மனேச்சர் கூப்பிட்டனுப்பினார். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி அவர் முகத்தில் இருந்தது. மேசையில் ஒரு கடிதம்.

"எனக்கும் உம்முடைய கருவிக்கும் ஒரே வருத்தம், ஐசே. ரெண்டு பேருக்கும் கண்ணில. டொக்டர் சொன்னார், அஞ்சு வருசத்துக்கு முதலே போட்டிருக்க வேணுமாம்." பேனையைத் திறந்தார். "ஒரு நிபந்தனை. இனித் தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லவேணும். சொல்லுவீரோ?"

"ஓம் சேர்," என்றேன்.

கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்து, ஆய்வுகூடப் படியில் குந்தி அரைமணி நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு லேசாகிறது. அந்த வருடம் கொழும்பில் கழகம் கடைசியாக வரவில்லை. கடைசிக்கு முதலாவதாக வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தால் பவானி குசினியில் சமைத்தபடியே குரல் கொடுப்பாள், "கண்ணைப் பாத்து வையுங்கோ." தையல் மெசினுக்கும் இதே எச்சரிக்கைதான். போன வருடம் எனக்குக் கண்புரை வெட்டினார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்த டொக்டர் மூன்று விரலை நீட்டி, "எத்தனை எண்டு சொல்லுங்கோ," என்றார். நான் வாயைத் திறக்க முதல் பின்னால் நின்ற பவானி முந்திக்கொண்டாள்.

"பூச்சியம் எண்டு சொல்லுவார், டொக்டர். சந்தனத்தை நல்லாத் துடைச்சுப்போட்டுக் கேளுங்கோ."

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன கதை இது, ஐயா?"

"தெரியாது, டொக்டர்," என்றேன்.