நத்தைதான் முதலில் செத்தது

"சார், இன்னிக்கும் ஒண்ணு மல்லாந்துடுச்சு" என்றாள் வரவேற்பறைப் பெண், காலை வணக்கத்துக்குப் பதிலாக.

குடும்ப ஆலோசகர் கைப்பையைக்கூட இறக்காமல் கண்ணாடித் தொட்டிக்கு ஓடினார். கப்பி மீன் ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. முதலில் நத்தைகள் போயின. அப்புறம் மோலி மீன். இப்போது இது.

வேறு யார் அலுவலகத்தில் மீன் செத்தாலும் விஷயம் அதோடு முடிந்துவிடும். இவர் பிழைப்பு அப்படியில்லை. பிரியத் துடிக்கும் கணவன் மனைவியரை உட்காரவைத்துப் பேசிச் சேர்த்து வைப்பது இவர் வேலை. வருகிற ஜோடியையெல்லாம் முதலில் இந்தத் தொட்டி முன்னால் நிறுத்துவார். "பாத்தீங்களா? வேற வேற இனம், வேற வேற குணம். ஒரே தண்ணியில சண்டை இல்லாம இருக்கு." பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

முந்தின நாள் வந்த ஒரு கணவர் தொட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "மீனையே சேத்து வைக்க முடியல. நம்மள எங்க சேத்து வைக்கப் போறாரு?" என்றார். மனைவியும் "அதானே" என்றாள். இருவரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்திலாவது அவர்களுக்குள் ஒத்துப்போயிற்று.

ஆனால் ஆலோசகருக்குப் பெரிய கவலை சனிக்கிழமைதான். அன்றைக்குத் தையல்காரரும் அவர் மனைவி நர்ஸும் கடைசித் தடவையாக வருகிறார்கள். அதற்கப்புறம் வக்கீல் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவை அவர்கள் சண்டை போட்டுக்கொண்டேதான் மழையில் வந்து இறங்கினார்கள். ஆனால் குடை முழுக்க நர்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. தையல்காரரின் ஒரு தோள் தொப்பலாக நனைந்திருந்தது. அதைப் பார்த்த நிமிஷமே, இவர்களைப் பிரிய விடக்கூடாது என்று ஆலோசகர் தீர்மானித்துவிட்டார்.

"உங்களுக்கு என்னம்மா குறை?"

"பெருசா ஒண்ணுமில்ல சார். மனசுல இருக்கறத எங்கிட்ட சொல்லவே மாட்டார்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் தையல்காரர்.

ஆலோசகர் தன் வழக்கமான கேள்வியை எடுத்துவிட்டார். "சரி, அவங்களுக்காக நீங்க செஞ்சதுல பெருமையா ஒண்ணு சொல்லுங்க."

"ஆறு மாசம் ராப்பகலா தைச்சு, சுத்தத் தங்கத்துல கல்யாண மோதிரம் போட்டேன் சார்!"

நர்ஸ் சட்டென்று எழுந்து போய், மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது அவள் விரலில் மோதிரம் இல்லை. "எங்கயோ விழுந்துடுச்சு" என்றாளே தவிர, வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் மோதிரப் பஞ்சாயத்துதான்.

மீன் சாவுக்கு ஆலோசகர் தனக்குத் தெரிந்த வழியில்தான் காரணம் தேடினார். தொட்டியிலேயே பெரியது ஓர் ஏஞ்சல் மீன். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவில் நிற்கும். வரவேற்பறைப் பெண் அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தாள்.

"இதுதான் மத்ததுங்கள நிம்மதியா இருக்க விடல. தனிக்குடித்தனம் வெச்சுடுவோம்" என்று அதைப் பிடித்து ஒரு வாளியில் விட்டார்.

மறுநாள் தொட்டியில் இன்னொன்று செத்தது. மாமியார் வாளியில் குண்டாகிக்கொண்டிருந்தது.

"தப்பாச் சந்தேகப்பட்டுட்டீங்களே சார்" என்றாள் வரவேற்பறைப் பெண், மாமியாருக்குச் சொந்தக்காரி மாதிரி.

"துணையில்லாத ஏக்கமா இருக்கும்" என்று ஜோடி ஜோடியாகப் புது மீன் வாங்கி விட்டார். ஜோடி ஜோடியாகவே செத்தன. அழுக்குத் தண்ணீராக இருக்கும் என்று குழாயைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் மாற்றினார். அன்றைக்கு ஒரேயடியாக ஏழெட்டு மிதந்தன. மாமியாரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"எது சார் மொதல்ல செத்துச்சு?"

"நத்தை."

"அப்ப தண்ணியில செம்பு எறங்குது. நத்தைக்கு அது துளிகூட ஆகாது. உள்ள எதாவது கெடக்குதா பாருங்க."

சனிக்கிழமை காலை ஆலோசகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியைக் காலி செய்தார். மோட்டார் ஒயர் பிளாஸ்டிக். பொம்மைக் கோட்டை மண். கூழாங்கற்களை ஒரு பிடி அள்ளினார். பச்சைப் பாசி படிந்த மோதிரம் ஒன்று விரலில் தட்டியது.

"செம்பைத் தேடினா தங்கம் கெடைக்குது!" என்று குதித்தார். மீன் போனால் போகட்டும், ஒரு குடும்பம் பிழைத்தது என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பதி வந்து உட்கார்ந்ததும் மோதிரத்தை எடுத்து நீட்டினார். தையல்காரர் அதை வாங்கி அப்படியே மனைவியைப் பார்த்தார்.

"தொட்டியில எப்படி...?"

"நான்தான் போட்டேன்" என்றாள் நர்ஸ்.

"கோபத்துல யாரும் செய்யறதுதான். அதான் கெடைச்சுடுச்சே!" என்று ஆலோசகர் இடையில் புகுந்தார். சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. "வேடிக்கையப் பாருங்க, தண்ணியில செம்பு எறங்கித்தான் மீனெல்லாம் சாகுதுன்னு கடைக்காரர் சொன்னார். தொட்டியையே தலைகீழாக் கவுத்துட்டேன். செம்புன்னு ஒரு துண்டு இல்ல. இந்தத் தங்க மோதிரம் மட்டும்தான்..."

தையல்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆலோசகர் மோதிரத்தைப் பார்த்தார். அந்தப் பச்சையைப் பார்த்தார். அது பாசி இல்லை என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. சேர்த்து வைக்கிறேன் பேர்வழி என்று தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தையல்காரர் தரையைப் பார்த்தபடி பேசினார். "ஆறு மாசம் தைச்சது நெசம் சார். அந்தக் காசு எங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. வெறுங்கையோட எப்படி நிக்கறதுன்னு, செம்புல தங்க முலாம் பூசினது ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு..." மோதிரத்தை உள்ளங்கையில் உருட்டினார். "பதினோரு வருஷம் ஏமாத்திட்டேன்."

நர்ஸ் எழுந்தாள். கதவைப் பார்த்துத்தான் போகப்போகிறாள் என்று ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் கணவனின் கையிலிருந்த மோதிரத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் பச்சை பிடிக்க விட்டுட்டீங்களே சார்" என்றாள். "வாரா வாரம் எலுமிச்சம்பழத் தோலால தேய்க்கணும். பதினோரு வருஷமா இவர் தூங்கினப்புறம் நான் அப்படித்தான் தேய்ச்சுட்டு வந்தேன்."