காக்கைக்கு வலிக்காத உண்டை

உலகத்தில் ஆயுதம் கண்டுபிடித்த எல்லோரும் எதிரிக்கு எப்படி வலிக்க வைப்பது என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எதிரிக்கு வலித்துவிடக் கூடாதே என்று ராப்பகலாக ஆராய்ச்சி செய்த ஒரே மனிதர், தொண்ணூறுகளில் ரங்கூனில் பசுந்தாங் என்ற பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த கோ உண்டைதான். 'கோ' என்பது பர்மிய மரியாதை. 'உண்டை' தெரு கொடுத்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகமே.

விஷயம் இதுதான். அக்கா மொட்டைமாடியில் வடகம் காயவைப்பார். பாதி காயும், பாதி காக்கைக்குப் போகும். "நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா? ஒரு காக்காவ வெரட்டத் துப்பில்ல!" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மனிதர் உண்டிவில்லும் அதில் வைத்து அடிக்கக் களிமண் உண்டையுமாகக் கிளம்பிவிட்டார்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரம்மா டோ மியா; 'டோ' பெண்களுக்கான பர்மிய மரியாதை. பௌத்தப் புண்ணியவதி, கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். அரைகுறைத் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "காக்கா செத்தா, நீ வீடு காலி!"

கோ உண்டை இருதலைக் கொள்ளி எறும்பானார். குறியும் தப்பக் கூடாது, காக்கையும் சாகக் கூடாது. களிமண்ணில் தவிடு கலந்தார், பஞ்சு கலந்தார், தட்டான் தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்தார். உண்டை ஈரமாக இருந்தால் கோணிக்கொண்டு போய் டோ மியாவின் ஜன்னலில் அப்பிக்கொண்டது. காய்ந்தால் கல்லேதான்.

பரிசோதனைக்கு அவர் முதுகு. சட்டையைக் கழற்றி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்பார். உண்டிவில் என் கையில்.

"அடி தம்பி!"

"வேணாம்ண்ணே..."

"எனக்கு வலிச்சா காக்காவுக்கும் வலிக்கும்ல? அடி!"

அடித்தேன்.

"ஆத்தாடி!" என்று துள்ளியவர், முதுகைத் தேய்த்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம் தவிடு," என்றார்.

கடைசியில் மண்ணையே விட்டுவிட்டு, குழைந்த சோற்றை உருட்டி நிழலில் உலர்த்தினார். முதுகில் பட்டதே தெரியவில்லை. குறியோ நூல் பிடித்தாற்போலப் போனது. தெருவே வேடிக்கை பார்க்க, முதல் உண்டையைக் காக்கை மீது விட்டார். காக்கை அலட்சியமாக அலகைத் திறந்து பிடித்தது, விழுங்கியது, அடுத்ததற்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது!

மறுநாள் அதன் உற்றார் உறவினரும் வந்துவிட்டார்கள். வயிறு நிறைந்த கூட்டம் வடகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வேட்டைக்குப் போன மனுசன் பந்தி போட்டுட்டு வந்திருக்காரு," என்றார் அக்கா. டோ மியா கைகூப்பி, பௌத்தர்கள் புண்ணியத்தை வாழ்த்துகிற மாதிரி, "சாது, சாது! நீ நல்ல மனுசன். சாகுற வரை இங்கயே இரு!" என்று வரம் கொடுத்தார்.

அப்படியே இருந்தார். அவர் காரியத்தன்று மொட்டைமாடிச் சுவரில் பிண்டம் வைத்துக் கூப்பிட்டோம். காக்கைகள் வந்தன, வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றுகூடப் பிண்டத்தைத் தொடவில்லை. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு எங்களையே பார்த்தன.

பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்டிவில்லை என் கையில் கொடுத்தார். "வச்சா திங்காதுங்க தம்பி. அடிச்சாத்தான் திங்கும்."

பிண்டத்தைக் கிள்ளிக் கிள்ளி அடித்தேன். அழுகையில் ஒன்றும் குறிக்குப் போகவில்லை. காக்கைகள்தான் பறந்து பறந்து பிடித்துக்கொண்டன.