பன்னெண்டு அண்ணனும் ஆறு குதிரைகளும்

ஒரு மனுஷனுக்கு எம்புட்டு பக்தி இருக்கிறது என்று ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை வைத்து அளந்து சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியில் உட்கார்ந்து கிடார் ரிப்பேர் பார்க்கிறார். பெயர் பன்னெண்டு.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. எலக்ட்ரிக் கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருப்பார்களே ஃப்ரெட், அதில் பன்னிரண்டாவது ஃப்ரெட், கம்பி நீளத்தின் சரிபாதியில் இருக்கும். கம்பியைச் சும்மா மீட்டினால் வருகிற அதே சுரம், அங்கே அமுக்கி மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். வராவிட்டால் கிடார் கீழே இனிக்கும், மேலே போகப் போகக் கசக்கும். அந்தக் கசப்பை எடுப்பதுதான் அண்ணனுக்குத் தொழில், தவம் எல்லாம். "பன்னெண்டுல அமுத்து... ம்ஹும். மறுபடி பன்னெண்டுல அமுத்து..." நாள் பூராவும் இதே மந்திரம். பெயர் ஒட்டிக்கொண்டது.

கீழே மில் ஓடினால் அந்த இரைச்சலில் மேலே அவர் வேலை ஓடாது. கரண்டு போனால் ஊரே திட்டும். இவர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேட்டரியில் ஓடும் சுருதி மீட்டரைக் கையில் எடுப்பார்.

ஒருமுறை ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருத்தர் துருப்பிடித்த கம்பியோடு கிடாரைக் கொண்டுவந்தார்.

"ஏனுங்க, செத்த நேரத்துல முடிச்சுக் குடுங்க. முகூர்த்தத்துக்குப் போகோணும்."

"கம்பிதான் செத்துப்போச்சுன்னா நேரமுமா செத்துப்போச்சு? பொணத்துக்குச் சடை பின்னச் சொல்றீகளே! புதுக் கம்பியோட வாங்க."

வந்தவர் விறுவிறுவென்று படியிறங்கினார். சாயங்காலம் புதுக் கம்பியோடு திரும்பி வந்தார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஐயப்பன் செயல். எனக்குப் பஞ்சர் கடை. படிப்பு எட்டாவதோடு சரி. வாலிபத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் எடுபிடியாகத் திரிந்தபோது கிடார் பழகினேன். கல்யாணத்துக்கு அப்புறம் சாமிக்கு மட்டுமே வாசிப்பதாக வேண்டிக்கொண்டு, கார்த்திகை பிறந்தால் எங்கள் தெரு பஜனையில் வாசிக்கிறேன். போன கார்த்திகையில் குருசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாலை போட்டுவிட்டால் எங்களுக்கு ஆளும் சாமி, பொருளும் சாமி.

"சாமி, உங்க கிடார் சாமி கசக்குதே சாமி."

"கம்பியெல்லாம் சுருதியாத்தான் கூட்டியிருக்கேன் சாமி."

"வர்ற சனிக்கிழமை பாப்போம். சேரலைன்னா அதை உறையில போட்டுட்டு ஜால்ராவை எடுத்துக்கங்க சாமி."

ஜால்ரா ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் எனக்கு வாய்ப்பாட்டு வராது, ஸ்லோகமும் பாதியில் மறந்துபோகும். சாமியிடம் பேச எனக்கு இருந்தது அந்த ஆறு கம்பிதான். அதையும் உறையில் போட்டால் நான் அங்கே ஊமை.

கிடாரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அண்ணன் புதுக் கம்பி மாட்டி, மீட்டரைச் சொருகி, குனிந்து பார்த்தார். "குதிரையெல்லாம் தப்பான எடத்துல நிக்குதப்பு."

கம்பி ஒவ்வொன்றும் ஏறி உட்காரும் குட்டி இரும்புத் துண்டைத்தான் குதிரை என்கிறார். ஆறு கம்பிக்கு ஆறு குதிரை! எங்கள் எல்லை ஐயனாருக்கே ரெண்டுதான். நான் தன்னால் கும்பிட்டேன். அவர் திருகாணியைத் திருகி ஒவ்வொரு குதிரையாக நகர்த்தினார், பன்னெண்டில் அமுக்கினார். மீட்டர் முள் நட்டநடுவில் நின்றது.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் மறுபடியும் கசந்தது. குருசாமி ஜால்ராவை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பவும் மாடி. அண்ணன் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தேனாக இருந்தது.

"இங்க இனிக்கிது, அங்க கசக்குதா?" என் கையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன தொழில்?"

"பஞ்சர் கடைண்ணே."

"லாரி டயரும் கழட்டுவியோ?"

"ஆமாண்ணே."

"பஜனையில கண்ணைத் தொறந்து வாசிப்பியா, மூடியா?"

"சாமியப் பாத்தா தானா மூடிக்கிரும்ணே."

அண்ணன் எழுந்து சன்னலைச் சாத்தினார். காபித் தட்டில் கற்பூரம் கொளுத்தினார். "ம், கூப்பிடு உன் சாமிய. பன்னெண்டுலயே மீட்டு."

சரணம் சொல்லி மீட்டினேன். நாலாவது சரணத்தில் கண்ணீர் வந்துவிட்டது. மீட்டர் முள் மடமடவென்று மேலே ஏறியது. அண்ணன் கத்தினார்: "ஆங்! நிறுத்திராத! அப்படியே அழு!"

நான் அழ, அவர் திருக, புகை வாசம் பிடித்து என்னவோ ஏதோ என்று மேலே வந்த மில்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் சரணம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆறாவது குதிரையும் நின்றபோது அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பக்தி ஏறுனா நீ கிடார் கழுத்தை டயர் மாதிரி நெரிக்கிறப்பு. நெரிச்சா சுரம் மேல போகும். கையைத் தளத்துன்னு சொல்லலாம், ஆனா பக்தியும் சேந்து தளந்துரும். அதான் குதிரையைப் பின்னாடி இழுத்து, உன் பக்திக்கே அளந்து விட்டுட்டேன். இனி வேற எவன் வாசிச்சாலும் இது சேராது."

சனிக்கிழமை முதல் பாட்டிலேயே கிடார் ஆர்மோனியத்தோடு பாலும் சர்க்கரையுமாகக் கலந்தது. குருசாமி பாடிக்கொண்டே கையை நீட்டி, என் பக்கத்தில் இருந்த ஜால்ராவை எடுத்துக்கொண்டார்.

பஜனை முடிந்து சுண்டலோடு வெளியே வந்தேன். கூட்டத்துக்குள் வரவே வராத அண்ணன், பஜனைக்கூடத்தின் பின்பக்கச் சுவருக்கு அந்தாண்டை மொபெட்டில் சாய்ந்து நின்றிருந்தார்.

"மூணாவது பாட்டுல கண்ணைத் தொறந்துட்டியே, ஏன்?"

எனக்குப் புல்லரித்தது. "சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு எப்படிண்ணே தெரிஞ்சது?"

"சுரம் ஒரு இழை எறங்குச்சுல்ல. கை தளந்துருக்கு."

"நீங்க வந்திருக்கீகளான்னு வாசப்பக்கம் பாத்தேண்ணே. காணோம். அதான்..."

அண்ணன் நான் நீட்டிய சுண்டலை நிதானமாகத் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு மொபெட்டை மிதித்தார்.

"இனிமே தேடாத அப்பு. நான் நிப்பேன்."