குறுக்கே வந்த புளியமரம்

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு கரடி இருந்தது. காடு என்றால் ராஜா சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள், இந்தக் கதையில் அது லீவு. கரடி ஓட்டிய வெள்ளைக் கார் அதன் மனைவி தில்லையுடையது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை தில்லை அதில்தான் தேன் டின்களை ஏற்றிச் சந்தைக்குப் போகும். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தேனால்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் ரேஸ் டிராக் ஒன்று திறந்தார்கள். மாதம் ஒரு நாள் வீட்டுக் காரையே கொண்டுபோய் ஓட்டலாமாம். கேட்டதும் கரடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஆசை உங்களுது, கார் என்னுது," என்றது தில்லை. "வண்டி முழுசா வந்தா வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா அப்படியே காட்டுக்குள்ள போயிடுங்க."

"நாம இருக்கிறதே காட்டுலதானே?"

"இன்னும் உள்ள போயிடுங்க."

கரடியும் அதன் சிநேகிதன் எறும்புத்தின்னி அடைக்கலமும் கீரி மெக்கானிக்கிடம் போயின. கீரி லிஸ்ட் போட்டது. பிரேக் பேட் புதுசு, பிரேக் ஆயில் புதுசு, டயர் புதுசு, ஹெல்மெட். அடைக்கலம் குடியிருந்த புற்றை அடகு வைத்து, தன் காருக்கு அத்தனையும் வாங்கியது. நம்ம கரடியோ, "ஓட்டத்தானே போறோம், நிறுத்தவா போறோம்?" என்று பிரேக்கை விட்டுவிட்டு, நெருப்புப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியது. எடை குறையட்டும் என்று பின் சீட்டையும் கழற்றியது.

"அதுக்குப் பதிலா உங்க தொப்பையைக் கழட்டியிருக்கலாம்," என்றது தில்லை.

டிராக் வாசலில் மான் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்தது. உள்ளே எதுவும் உருளக் கூடாது என்று டேஷ்போர்டு பிள்ளையாரை எடுக்கச் சொன்னது. முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாயும் போனது. பிறகு ஒரு படிவம் நீட்டியது. டிராக்கில் அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று அதில் இருந்தது. கரடி படிக்காமலே கைநாட்டு வைத்தது.

மூன்று சுற்று பறந்தது பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷம்! நாலாவது சுற்றில் வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் சும்மா உள்ளே போனது. கார் நேராகப் போய் டயர் சுவரில் முட்டியது. கரடிக்கு ஒரு கீறல் இல்லை. காருக்கு மூஞ்சியே இல்லை.

"ஐயோ, வெள்ளிக்கிழமை தேன் எப்படிப் போகும்? தில்லை என்னைச் சேர்க்க மாட்டாளே!" கரடி மண்ணில் உட்கார்ந்து தேம்பியது.

கூட வந்திருந்த கீரி காதோரம் வந்தது. "அழாதீங்கண்ணே. கேட்டைத் தாண்டினா அது ரோடு. ரோட்ல அடிபட்டா இன்ஷூரன்ஸ் உண்டு. அங்க ஒரு புளியமரம் இருக்கு."

தள்ளிக்கொண்டு போனால், மரத்தடியில் வரிசை! ஓர் அணில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. கரடிக்கு ஏழாம் நம்பர். முன்னால் நின்ற காட்டுப்பன்றியின் காரில் கதவு நசுங்கியிருந்ததால், அதைப் பக்கவாட்டில் தள்ளி மரத்தில் உரசினார்கள். இன்ஷூரன்ஸ் அதிகாரியான கொக்கு அலைச்சல் வேண்டாமென்று மரத்திலேயே கூடு கட்டியிருந்தது.

"எப்படி நடந்தது?"

"மரம் குறுக்கே வந்துடுச்சு சார்."

"காலையிலேர்ந்து ஏழு தடவை வந்திருக்கு. ரொம்ப மோசமான மரம்," என்று கொக்கு கையெழுத்துப் போட்டது. பின் சீட்டையும் மரமே கழற்றியதாக எழுதிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கார் புத்தம் புதிதாக வாசலில் நின்றது. தில்லை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரேஸுக்குப் போனா வண்டிக்கு இவ்வளவு நல்லதா?" என்று கரடிக்கு ஒரு டின் தேன் கொடுத்தது.

அடைக்கலத்தின் பாடுதான் பாவம். ரேஸ் நாள் முழுக்க ஓட்டியும் அதன் காரில் ஒரு கீறல் இல்லை. புது டயர் வழுக்கையாகிவிட்டது, புது பேட் தேய்ந்துவிட்டது, புற்று அடகில் இருந்தது. கொக்கிடம் போய் நின்றது.

"எங்க முட்டினீங்க?"

"முட்டலையே சார்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அடுத்த மாதம் அடைக்கலம் டிராக்குக்குள் நுழையவே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நேராகப் புளியமரத்தடிக்குப் போய், முதல் டோக்கனை வாங்கிக்கொண்டது.

நீதி: பிரேக்கை மாற்றுவது அவரவர் இஷ்டம்; மரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வைக்கவும்.