இரண்டு சீட்டு வண்டியின் இன்றைய விலை

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

இங்கே நான், அம்மா, அம்மாவின் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். அக்காவின் சௌக்கியத்தை மட்டும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் பேச்செடுத்தால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வண்டியை இந்த வாரமே விற்றுவிடுங்கள். மைத்துனனாகச் சொல்லவில்லை, பழைய கார் கடையில் நாலு வருடமாக விலை மதிப்பிடுகிறவனாகச் சொல்கிறேன். உங்கள் வண்டியின் புது மாடல் வரப்போகிறது என்று கம்பெனி போட்டோ வெளியிட்ட மறுநாளே உங்கள் வண்டி மாதிரி மூன்று எங்கள் கடைக்கு வந்து நின்றன. மூன்று சொந்தக்காரர்களுக்கும் ஒரே முகம், இழவு வீட்டு முகம். வாங்க வருகிறவனோ, புதுசு வரட்டும், பழசு இன்னும் இறங்கும் என்று டயரை உதைத்துப் பார்த்து, எங்கள் டீயையும் குடித்துவிட்டுப் போகிறான். போன வாரம் புதுசு வந்தே விட்டது. அன்று காலையில் மூன்று வண்டியின் கண்ணாடியிலும் எழுதியிருந்த விலையை அழித்து எழுதச் சொன்னார் முதலாளி. சாயங்காலம் அதையும் அழிக்கச் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது அத்தான், யாரும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமலே. வண்டி கழுவுகிறவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தம்பி, இதுல ஏதாவது ஒடைஞ்சு போச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்குக் கொறையுது?" என்று கேட்டார். அவர் ஒரு நாளில் கழுவும் வண்டிகளின் விலைக்கு அவர் குடியிருக்கும் தெருவையே வாங்கலாம். அவர் வருவது சைக்கிளில். அதன் விலையை எந்தப் புது மாடலும் அசைக்கவில்லை.

விலைகூடப் பரவாயில்லை. இந்த மூன்று வருடத்தில் அக்கா அந்த வண்டியில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பாள்? மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் மதிப்புப் போய்விடும் என்று உறை போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றித் துடைத்து, டயர் ஒரே இடத்தில் அழுந்தக்கூடாதென்று அரை அடி முன்னே, அரை அடி பின்னே நகர்த்தி மறுபடி மூடுகிறீர்கள். அக்கா ஏழு மாத வயிற்றோடு நாற்பது நிமிஷம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறாள். வண்டி மேல் வெயில் படக்கூடாது, அவள் மேல் படலாம். "அத்தான் கொண்டுபோய் விட மாட்டாராக்கா?" என்று கேட்டேன். "விடுவார்டா, விலை ஏறட்டும்னு பாக்கறார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்க என்னடான்னா, "புதுசுல மேனுவல் கியரே கிடையாது, பாரு, பழசுக்குத்தான் மவுசு வரும்"னு அதையே சொல்லிட்டு இருக்கீங்க. ஒரு மவுசும் வராது அத்தான், எழுதி வெச்சுக்குங்க. இன்னும் ரெண்டு மாசத்துல மூணாவது ஆள் வரப்போகுது, வண்டியில இருக்கறதே ரெண்டு சீட்டு. வித்துட்டு நாலு கதவு உள்ளதா ஒண்ணு வாங்குங்க, நானே பாத்து எடுத்துத் தர்றேன். இன்னிக்கு அக்கா பிரசவத்துக்கு இங்க வர்றா. "எதுல வர்றே?"ன்னு நேத்து கேட்டேன். "பஸ்தான், அவரும் சரின்னுட்டார்"னா. சரின்னு சொல்ல எப்படி அத்தான் வாய் வந்துச்சு?

வயதில் பெரியவர், கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அம்மா உங்களுக்குத் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னாள். வண்டிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கோபம் குறையாத, மரியாதையும் குறையாத
உங்கள் மைத்துனன்

பி.கு.: கவரில் பசை தடவும்போது வாசலில் ஹாரன் சத்தம். உங்கள் வண்டி. ஓட்டிவந்தது அக்கா. நீங்கள் ஆபீஸ் கிளம்பியதும் உறையை உருவிவிட்டு அதிலேயே வந்துவிட்டாள். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்ததாம். தாழ்வான சீட்டிலிருந்து அவளை எழுப்பத்தான் நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி போன். புதுசை ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லையாம், எல்லோரும் மேனுவல் கியர் உள்ள பழசைத் தேடுகிறார்களாம், மூன்று வண்டியும் இன்று காலையிலேயே போய்விட்டனவாம். "உங்க அத்தான் வண்டியைக் கொண்டா. இருபதாயிரத்துக்குள்ள ஓடியிருந்தா கேக்கற விலை" என்றார். நீங்கள் சொன்னதுதான் சரி, அத்தான். ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். 20,011. "ரெண்டு எடத்துல வழி தப்பிட்டேன்டா" என்கிறாள். உறையை எடுத்துப் பார்க்காதீர்கள். வண்டி நிற்பதுபோல் தெரியட்டும் என்று அக்கா உள்ளே வைத்து மூடியிருப்பது தண்ணீர் டிரம்மும் நாற்காலிகளும். வண்டியை இனி விற்கப்போவதில்லையாம். ரெண்டு சீட்டு எப்படிப் போதும் என்று கேட்டேன். "ஏன்டா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு." உங்களுக்குப் பஸ் இருக்கிறதாம். கம்பி நல்ல உறுதி, பயப்படாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னாள்.